உழைச்செல்வாள்

அறுவைச் சிகிச்சை முடிந்த நான்காம் நாள் காலை. செவிலியர் ஒருவர் ஒரு ட்ரேயில் கத்தரிக்கோல், பஞ்சு, வெந்நீர், புதிய பை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் வந்தார். கணவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னலோரம் மாணவிகளின் உள்தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். செவிலியர் கட்டிலைக் கடந்து நேராக என்னிடம் வந்து, "மேடம், வாங்க. பை மாத்துறதப் பாத்துக்கங்க. வீட்டுக்குப் போனா நீங்கதான செய்யணும்" என்றார்.

எழுந்து போனேன். கற்றுக்கொண்டேன். பையின் பின்தட்டில் எந்த அளவுக்கு வட்டம் வெட்டுவது, தோலை எப்படித் துடைத்து உலர்த்துவது, ஒட்டியபின் உள்ளங்கைச் சூட்டில் எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிப்பது எல்லாம். அந்த அரைமணி நேரமும் அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயிறு அவருடையது. இரண்டு கைகளும் நன்றாகத்தான் இருந்தன. 'இதை அவருக்கும் சொல்லிக்கொடுங்கள்' என்று செவிலியரிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. பெண்ணிய வாசிப்பு பற்றிப் பல வருடமாக வகுப்பெடுத்துக்கொண்டிருக்கும் எனக்குத் தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு நள்ளிரவில் தோன்றியது. கேட்கக்கூடாத விதத்தில் கேட்டேன்.

2022இல் அது தொடங்கியது. அவருக்கு அப்போது 49 வயது. மலத்தில் ரத்தம் போவதை ஏழெட்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். மூலம் என்று தானாகவே முடிவுசெய்து லேகியம் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். ஒருநாள் கழிப்பறையில் சரியாகத் தண்ணீர் ஊற்றாமல் வந்ததால்தான் எனக்குத் தெரிந்தது. இருபத்தொரு வருடமாக ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துகிறோம். என் மாதவிலக்குத் தேதி ஒருநாளும் அவருக்குத் தெரிந்திருந்ததில்லை. அவருடைய ரத்தம் எனக்குத் தெரியவில்லை.

கொலனோஸ்கோபியில் மலக்குடல் புற்றுநோய் என்று வந்தது. ஐந்து வாரம் கதிர்வீச்சு, கூடவே கீமோ மாத்திரை, சில வார இடைவெளி, பிறகு அறுவைச் சிகிச்சை. நோயுற்ற மலக்குடலை வெட்டி எடுத்துவிட்டு, மேலே இருக்கும் பெருங்குடலைக் கீழே இழுத்து ஆசனவாய்க்கு அருகில் இணைத்தார்கள். அந்தத் தையல் ஆறும்வரை மலம் அந்த வழியாகப் போகக்கூடாது. அதனால் சிறுகுடலின் ஒரு வளைவை வயிற்றின் வலப்பக்கம் வெளியே எடுத்துத் திறந்துவிட்டிருந்தார்கள். அதற்கு ஸ்டோமா என்று பெயர். தற்காலிகம்தான், கீமோ முடிந்ததும் மூடிவிடலாம் என்றார் மருத்துவர்.

உள்ளுதட்டின் நிறத்தில், எப்போதும் ஈரமாக, ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தது. தொட்டால் வலிக்காது. அடக்கிவைக்கவும் அதற்குத் தெரியாது. பெருங்குடலுக்குப் போகும் முன்பே வெளியேறிவிடுவதால் வருவதெல்லாம் தண்ணீராகத்தான் வரும். அதில் செரிமான நீர் கலந்திருக்கும். தோலில் பட்டால் தோலையே செரிக்கத் தொடங்கும்.

எனக்கு உண்மையில் பாடம் எடுத்தவர் அந்த மாடியைத் துப்புரவு செய்த அக்காதான். முதல் தடவை பையைத் திறந்தபோது குமட்டிக்கொண்டு வந்தது. குளியலறை வாசலில் மாப்போடு நின்றிருந்தவர், "மூக்கால இழுக்காதம்மா, வாயால மூச்சு விடு. பை மூணுல ஒரு பங்கு ரொம்புறதுக்குள்ள காலி பண்ணிரு. கனம் தாங்காமப் பிச்சுக்கிட்டு வந்துரும்" என்றார். அவர் ஒப்பந்தத் தொழிலாளி. அந்த மாடியிலிருந்த அத்தனை பேரின் கழிவையும் தினமும் அள்ளியவர். அந்த வேலை நம் நாட்டில் யார் தலையில் வைக்கப்பட்டிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அவரை யாரும் தெய்வம் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு வயிற்றின் கழிவை அள்ளிய என்னைச் சொன்னார்கள்.

"நளாயினி மாதிரி பாத்துக்கிறா" என்றார் பார்க்க வந்த பெரியம்மா ஒருவர். தொழுநோய் கண்ட கணவனுக்குச் சேவை செய்தவள் நளாயினி. அவன் விரல் உதிர்ந்து விழுந்த எச்சில் சோற்றை அருவருக்காமல் உண்டவள். அவனைக் கூடையில் சுமந்துபோனதாகவும் கதை சொல்வார்கள். அந்தக் கதையை எத்தனையோ தடவை வகுப்பில் பிரித்துப் போட்டிருக்கிறேன். ஆனால் அன்று பெரியம்மா சொன்னபோது எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் வந்ததை மறைக்க விரும்பவில்லை. பாராட்டு என்பது சம்பளம் இல்லாத வேலைக்குக் கிடைக்கும் சம்பளம். பசியோடு இருப்பவளுக்கு அதுவும் ருசிக்கும்.

திருக்குறளில் 'மருந்து' என்றொரு அதிகாரம் உண்டு. அதன் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறது: நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உழைச்செல்வான். உழை என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்தில் இருந்து மருந்தைப் பிழையில்லாமல் கொடுப்பவன் உழைச்செல்வான். பாடம் நடத்தும்போது சொற்பொருள் சொல்லிவிட்டுக் கடந்துபோய்விடுவேன். வார்டு வராந்தாவில் பிளாஸ்க்கோடு நின்றுகொண்டிருந்த ஒரு சாயங்காலம் அந்தச் சொல் திரும்பி வந்தது. வராந்தா முழுக்கப் பிளாஸ்க்கோடும் மருந்துச் சீட்டோடும் நின்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சொல்லின் விகுதி மட்டும் ஆண்பால்.

வள்ளுவர் பெருந்தன்மையானவர்தான். பக்கத்தில் நிற்பவருக்கு மருத்துவத்தில் கால் பங்கு கொடுத்திருக்கிறார். எங்களுக்கு வந்த மருத்துவமனைப் பில்லில் அறுவை நிபுணர், மயக்க மருந்து நிபுணர், மருந்து, கட்டில் எல்லாவற்றுக்கும் வரி இருந்தது. அந்த நான்காம் கூறுக்கு இல்லை. பரிமேலழகர் இந்த நான்கு பேருக்கும் தலைக்கு நான்கு தகுதி சொல்கிறார். பக்கத்தில் நிற்பவருக்கு நோயாளியிடம் அன்பு, மனமொழிமெய்த் தூய்மை, சொன்னதைச் சொன்னபடி செய்யும் திறன், அறிவு. தூக்கம் அந்தப் பட்டியலில் இல்லை. நோயாளிக்கும் நான்கு உண்டு. அதில் ஒன்று, தன் நோயின் நிலையைத் தானே எடுத்துச் சொல்வது. ஏழெட்டு மாதம் எங்கள் வீட்டில் நடக்காமல்போனது அதுதான்.

நான் வேலைபார்க்கும் கல்லூரியில் கணவரைக் கவனிப்பதற்கென்று ஒரு விடுப்பு கிடையாது. இருந்த விடுப்பையெல்லாம் சேர்த்துப் பதினைந்து நாள் எடுத்தேன். அதன்பிறகு காலை நாலரைக்கு எழுந்து பையைக் காலி செய்து, கஞ்சி வைத்து, முதல் மூன்று பீரியட் முடித்துவிட்டு, மதிய இடைவேளையில் ஸ்கூட்டியில் வீட்டுக்கு வந்து மறுபடியும் காலி செய்துவிட்டுத் திரும்பிப்போவேன். கவிதை எழுத வைத்திருந்த நோட்டில் மில்லிலிட்டர் கணக்கு எழுதினேன். ஒரு நாளில் ஒன்றரை லிட்டருக்கு மேல் போனால் மருத்துவருக்குச் சொல்ல வேண்டும்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "நெறைய தண்ணி குடிப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவரும் சொம்பு சொம்பாகக் குடித்தார். ஸ்டோமா உள்ளவர்களுக்கு அது எதிராக வேலைசெய்யும் என்பது பிறகுதான் புரிந்தது. உப்பையும் நீரையும் உறிஞ்சிக்கொள்ள வேண்டிய பெருங்குடல் வரை எதுவும் போவதில்லை. வெறும் தண்ணீர் குடிக்கக் குடிக்க உடம்பிலிருக்கும் உப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அந்தக் கரைசலைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்திருக்க வேண்டும். இரண்டாம் வாரம் நாக்கு வறண்டு, கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு, கிரியாட்டினின் ஏறிப்போய் மறுபடியும் சேர்த்தோம். இரண்டு நாள் சலைன் ஏறியது. பணியிலிருந்த மருத்துவர் நோட்டைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "என்னம்மா, நீங்க பாத்துக்கலையா?"

குடித்தவர் பக்கத்தில்தான் படுத்திருந்தார். நோயாளியின் கூறும் உழைச்செல்வானின் கூறும் சேர்ந்து என் கணக்கில் வந்து விழுந்திருந்தன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2018இல் கட்டிக்காகக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு நான் படுத்திருந்தபோது என்னைப் பார்த்துக்கொண்டது எழுபது வயதுக்கு நெருங்கிய என் அம்மா. ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து இருபத்தொரு நாள் இருந்தாள். கணவர் மாலையில் ஆபீஸ் முடிந்து ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வருவார். நல்ல மனிதர்தான். காசுக்குக் குறை வைக்கவில்லை. அவரைப் பார்த்து எந்தச் செவிலியரும் "சார், வாங்க, கத்துக்கங்க" என்று சொல்லவில்லை.

அந்த நள்ளிரவுக்கு வருகிறேன். மணி இரண்டேகால். ஒரே ராத்திரியில் மூன்றாவது தடவையாகப் பை விட்டுக்கொண்டது. மெத்தை, போர்வை, அவருடைய வேட்டி எல்லாம் நனைந்திருந்தன. சுற்றியிருந்த தோல் வெந்து நீர் கசிந்தது, அதனால் புதிய பையும் ஒட்டவில்லை. நான் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் வழக்கம்போலக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலை முதல் பீரியடில் எனக்கு வகுப்பு இருந்தது.

"உங்களுக்குக் கை இல்லையா? நாளைக்கு நான் செத்துப்போனா யாரு கழுவுவா?"

அடுத்த அறையில் ப்ளஸ் ஒன் படிக்கும் மகளுக்குக் கேட்டிருக்கும். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு அதப் பாக்கவே பயமா இருக்கு" என்றார்.

மூன்று வாரமாக அவர் தன் வயிற்றை ஒருமுறைகூடப் பார்த்திருக்கவில்லை. குளிக்கும்போதும் மேலே பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஆண் என்ற திமிர் என்று நான் நினைத்தது பயம். எனக்கு அழுகை வந்தது. அவர் மேல் இரக்கம் வந்தது. கூடவே இன்னொரு எண்ணமும் வந்தது. எனக்கும்தான் பயமாக இருந்தது. முதல்நாள் பஞ்சை எடுக்கும்போது என் கை நடுங்கியது. பயப்படுகிற உரிமை எப்படி அவருக்கு மட்டும் கிடைத்தது? இரக்கமும் இந்தக் கேள்வியும் அந்த இரவில் எனக்குள் அருகருகே படுத்திருந்தன. இன்றுவரை ஒன்று மற்றொன்றை வெளியே தள்ளவில்லை.

மறுநாள் நான் கல்லூரிக்குப் போகவில்லை. அலமாரிக் கண்ணாடி முன்னால் அவரை நிற்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். திறந்து பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார். தானே பையை மாற்ற ஐம்பது நிமிடம் ஆயிற்று. நான் கட்டிலில் உட்கார்ந்து என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். இல்லாவிட்டால் அவை தாமாகவே போய்விடும். கோணலாக ஒட்டிய அந்தப் பை இரண்டு மணி நேரத்தில் விட்டுக்கொண்டது. மறுபடியும் அவரே ஒட்டினார்.

பத்து நாளில் என்னைவிட நன்றாகச் செய்தார். மின்வாரியத்தில் அளந்து வெட்டிப் பழகிய கை. அட்டையில் ஓர் அச்சு வெட்டிவைத்துக்கொண்டார். ஸ்டோமா நாளாக நாளாகச் சுருங்கும், முதல் வாரத்தில் எடுத்த அளவிலேயே நான் வெட்டிக்கொண்டிருந்ததால்தான் இடைவெளியில் கசிந்து தோல் வெந்தது என்று கண்டுபிடித்தது அவர்தான். காலையில் எதுவும் சாப்பிடும் முன் மாற்றினால் வரத்து குறைவாக இருக்கும் என்பதும் அவர் கண்டுபிடிப்பு. உடம்பின் சொந்தக்காரருக்குத் தெரிவது பக்கத்தில் நிற்பவளுக்குத் தெரியாது.

அத்தைக்கு இது பிடிக்கவில்லை. "ஏந்தாயி, சீக்காளியப் போட்டு இப்படி வேல வாங்குறியே. உன்னால முடியலன்னா புள்ள இருக்கால்ல" என்றார். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கும் மகனை அவர் சொல்லவில்லை. மகளைச் சொன்னார். அவளுக்குப் பரீட்சை இருக்கிறது என்று முடித்துவிட்டேன். விடுமுறையில் வந்த மகன் ஒருநாள் அப்பாவுக்கு ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தான். அடி பிடித்துவிட்டது. அத்தை ஊருக்கெல்லாம் போன் போட்டுப் பேரன் கஞ்சி காய்ச்சிய கதையைச் சொன்னார்.

எனக்குள்ளும் ஒன்று அரித்தது. கையை எடுத்துக்கொண்ட பிறகு ஏதோ பதவி பறிபோனதுபோல இருந்தது. அவர் கதவைச் சாத்திக்கொண்டு தன் வேலையைப் பார்க்கும்போது நான் சமையலறையில் நின்று காது கொடுத்துக்கொண்டிருப்பேன். நம்மை இல்லாமல் முடியாது என்பதில் நமக்கு ஒரு போதை இருக்கிறது. வேறு அதிகாரம் எதுவும் தராத வீடு, அந்த ஒன்றை மட்டும் தாராளமாகத் தருகிறது.

கீமோ முடிந்து 2023இல் ஸ்டோமாவை மூடினார்கள். "பை போயிருச்சுல்ல மதினி, இனிமே என்ன?" என்றாள் நாத்தனார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். முதல் வாரம் ஒரு நாளைக்குப் பதினைந்து தடவைக்கு மேல் போனார். போய்விட்டு வந்து உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் மறுபடியும். வருவது தெரிந்த பிறகு கழிப்பறைக்குப் போய்ச்சேர ஒரு நிமிடம்கூட அவகாசம் இருக்காது. மலத்தைத் தேக்கி வைத்திருந்து, வசதியான நேரம் வரும்வரை பொறுத்திருக்கும் வேலை மலக்குடலுடையது. அதை வெட்டி எடுத்தாகிவிட்டது. அதனால் வரும் இந்தத் தொல்லைகளின் தொகுப்புக்கு மருத்துவர்கள் 'லார்ஸ்' என்று சுருக்கப் பெயர் வைத்திருக்கிறார்கள். பலருக்கு ஓரிரு வருடத்தில் குறையும், சிலருக்கு முழுதாகப் போகாது என்றார்கள். சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னால் லோபரமைடு மாத்திரை. குழைந்த சாதம், தயிர், வாழைப்பழம். இடுப்புத்தளத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி.

அந்தப் பயிற்சித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "எந்தத் தசையச் சொல்றாங்க?" என்று கேட்டார். மகன் பிறந்த பிறகு எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே பயிற்சி. சொல்லிக்கொடுத்தேன். "இத நீ அப்ப செஞ்சியா? நான் பாத்ததே இல்லையே" என்றார். இருபது வருடத்துக்குப் பிறகாவது கேட்டாரே.

வெளியே போவதுதான் பெரும்பாடாகிவிட்டது. கல்யாண மண்டபம் என்றால் கழிப்பறை எந்தப் பக்கம், பஸ் என்றால் எங்கே நிறுத்துவார்கள், போகும் முன் எத்தனை மணியிலிருந்து சாப்பிடாமல் இருப்பது என்றெல்லாம் கணக்குப் போட்டார். ஒருநாள், "வெளிய போறதுன்னா ஒரு மனுசனுக்கு இவ்வளவு யோசனையா?" என்று சலித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதிமூன்று வயதிலிருந்து நான் இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஊருக்குப் போகும் நாளில் தண்ணீர் குடிக்காமல் இருப்பது, தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறை வாசலில் தோழியை நிறுத்திவைப்பது, மாதவிலக்கு நாளில் ஐந்து மணி நேரம் ஒரே நாப்கினோடு கருத்தரங்கில் உட்கார்ந்திருப்பது. "வெளிய கெளம்புனா ஒரு வாய் தண்ணி குடிக்கமாட்டா" என்று என்னைக் கேலி செய்தவர் இவர். அதை நினைவுபடுத்தினேன். அவர் சிரிக்கவில்லை.

ஆபீசுக்குத் திரும்பிய முதல் நாள் கிளம்பும் நேரத்தில் படுக்கையறையிலிருந்து கூப்பிட்டார். கையில் மகளுடைய நாப்கின் ஒன்று. "எந்தப் பக்கம் மேல வரணும்?" ஒட்டும் பக்கம் கீழே என்று காட்டினேன். அது கசங்காமல் உட்கார எப்படி நடக்க வேண்டும் என்றும் சொன்னேன். அன்று சாயங்காலம் மருந்துக்கடையில் அவரே இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார். செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புக் கவரில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். "என்னமோ திருட்டுச் சாமான் மாதிரி குடுக்குறான்" என்றார். ஆமாம், அப்படித்தான் கொடுப்பார்கள் என்றேன்.

நோய் அவரைத் திருத்திவிட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஒரு மனிதன் சமையலறைக்கு வரப் புற்றுநோய் தேவைப்பட்டது என்றால் அதில் கொண்டாட என்ன இருக்கிறது? இப்போதும் என் வேலையைச் செய்தால் 'உனக்கு உதவி பண்ணேன்' என்றுதான் சொல்கிறார். அவருடைய மருத்துவரிடம் போகும் தேதிகளை இன்னும் நான்தான் நினைவில் வைத்திருக்கிறேன். ஆனால் தன் உடம்பில் நடப்பதை இப்போது வாய்விட்டுச் சொல்கிறார். நோயாளியின் கூறு அவரிடம் திரும்பிப் போயிருக்கிறது. என்னிடம் என் கூறு மட்டும் இருக்கிறது. அதைச் சுமக்க முடிகிறது. உழைச்செல்வது என்றால் பக்கத்தில் போய் நிற்பது. அவருக்குப் பதிலாகப் போய் நிற்பது இல்லை. சொற்பொருள் எனக்கு முன்பே தெரியும், அதன் எல்லைதான் தெரியாமல் இருந்தது.

போன மாதம் திருநெல்வேலியில் இரண்டு நாள் கருத்தரங்கு. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நான் வெளியூரில் தங்குவது அதுதான் முதல் தடவை. மாட்டுத்தாவணியில் பஸ் ஏற்றிவிட வந்தவர் ஜன்னல் வழியாக ஒரு தாளை நீட்டினார். விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு என்று வரிசையாக எழுதி, ஒவ்வோர் ஊரிலும் எந்தப் பெட்ரோல் பங்க்கில், எந்த ஓட்டலில் கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்று குறித்திருந்தார். வேலை நிமித்தம் போய்வந்த வழியெல்லாம் சேகரித்தது.

பஸ் நகரத் தொடங்கியதும், "இதெல்லாம் ஆம்பளைங்க பக்கம்தான். பொம்பளைங்க பக்கம் எப்படி இருக்குன்னு நீ பாத்து எழுதிட்டு வா" என்றார்.

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். பாட்டிலைத் திறந்து அரை பாட்டில் தண்ணீர் குடித்தேன்.